அச்சம் யாருக்கு?



இறையச்சம், அடியானுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையே உள்ள உறவு. அதனை ஆட்சியின் கருவியாகக் கண்ட அறிஞர் ஒருவர் இருந்தார். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1469இல் பிறந்து 1527இல் மறைந்த மாக்கியவெல்லியே அவர். அன்பு, அச்சம் இரண்டில் ஒன்றே கிட்டுமாயின் ஆள்வோனுக்கு மக்களின் அச்சமே பாதுகாப்பு என்றும், சமயப்பற்றுடையவனாகத் தோன்றுவது அவனுக்கு இன்றியமையாதது என்றும் ‘இளவரசன்’ என்னும் நூலில் எழுதினார்.

ரோமானிய வரலாற்றை ஆராய்ந்த மற்றொரு நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். ரோமானியர் போருக்குமுன் கோழிகளுக்குத் தீனியிட்டுச் சகுனம் பார்ப்பர். கோழிகள் கொத்தித் தின்றால் நற்சகுனம். கி.மு. 293இல் சாம்னைட்டுகளோடு போர் மூளும் வேளையில் கோழிகள் தீனியைத் தொடவில்லை. படையினரின் ஆவலைக் கண்ட கோழிக்காவலரின் மூத்தவன், ‘சகுனம் நன்று’ எனப் பொய்யுரைத்தான். உண்மை தெரிந்த பின்னும் படைத்தலைவன் பாப்பிரியஸ் தயங்கவில்லை. பழி பொய்யனையே சேரும் எனக் கூறி, காவலர்களை முன்வரிசையில் நிறுத்தினான். தற்செயலாகப் பாய்ந்த ஈட்டியால் மூத்தவன் மாண்டான். தெய்வங்களின் சினம் தணிந்தது என்று முழங்கிய பாப்பிரியஸ் வெற்றியும் பெற்றான். கி.மு. 249இல் கிளாடியஸ் புல்கரோ, தின்ன மறுத்த கோழிகளைக் கடலில் எறிந்து போரிட்டுத் தோற்றான், தண்டனையும் அடைந்தான். முன்னவன் விவேகி, பின்னவன் மதியிலி என்பது மாக்கியவெல்லியின் தீர்ப்பு. இருவரில் எவன் உள்ளத்தால் நம்பினான் என்பது அவர் கணக்கில் இல்லை!

ஆயினும் அதே நூலில் அவரே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். குறிசொல்லும் ஆலயங்கள் வலியோரின் விருப்பத்திற்கேற்பப் பேசத் தொடங்கின. அப்பொய் வெளிப்பட்டதும் மக்கள் நம்பிக்கை இழந்தனர். தம் காலத்து இத்தாலியர் சமயப்பற்றை இழந்தமைக்கும் ரோமத் திருச்சபையின் தீய முன்மாதிரியே காரணம் என்றார். மார்க்கத்தைக் கருவியாக்குவோரே இறைமறுப்பின் வித்தை ஊன்றுகின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாக்கியவெல்லியின் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். நம் உள்ளத்தை நாம் நோக்குவோம். மத்ரஸாவில் என் கைப்பிரம்பைக் கண்டு தொழுகைக்கு ஓடிவரும் சிறுவன், நான் ஊரில் இல்லாத நாளில் தொழுவானா? இல்லையெனில் நான் அவனுக்குக் கற்பித்தது இறையச்சமன்று, என்மீதுள்ள அச்சமே. வீட்டில் ‘அத்தா அடிப்பார்’ என்று சொல்லித் தொழவைக்கும் தாய்மார்களும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மனிதருக்கு அஞ்சியவன், அம்மனிதர் மறைந்ததும் துணிந்துவிடுவான். அல்லாஹ்வுக்கு அஞ்சுபவனோ தனிமையிலும் தவறான். அத்தகைய அச்சத்தை நமக்கும் நம் மக்களுக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.