ஈரல் நோய்க்கு எலும்பில் ஏன் ஸ்கான்?

எங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணர் ஒருவருக்கு ஈரலில் புற்றுநோய். வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே இரவில் முதுகு நோகத் தொடங்கியது. பெட்டி தூக்குகிற வேலைதானே, பனடோல் போடுங்கோ என்று நாங்களும் சொன்னோம். அது எங்கள் பிழை. படுத்தாலும் ஆறாத நோவை உடனே வைத்தியரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஈரல் புற்றுநோய் முள்ளந்தண்டு, இடுப்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றுக்குப் பரவக்கூடியது. எலும்பின் சுண்ணச்சத்தில் 30 முதல் 50 வீதம் வரை குறைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியும். ஆகவே எலும்பு ஸ்கானுக்கு அனுப்பினார்கள்.

நாங்களும் கூடப் போனோம். கதிர்வீசும் ரெக்னீசியம் கலந்த மருந்தைச் சிறிதளவு ஊசியால் ஏற்றினார்கள். அது எலும்பில் சேர இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லும். அதுவரை தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பின்பு அசையாமல் படுத்திருக்க, கமரா தலை முதல் கால் வரை படம் எடுக்கும். கதிர் என்றதும் வீட்டில் பயந்துவிட்டார்கள். அதன் வீச்சு 6 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். மறுநாள் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

படத்தில் விலாவில் ஓரிடம் கறுத்திருந்தது. அது முந்திய பனிக்காலத்தில் சறுக்கி விழுந்து முறிந்த இடம்! எலும்பு புதிதாக வளருகிற இடத்தைத்தான் இந்த ஸ்கான் காட்டும். முறிவும் மூட்டுவாதமும்கூட அப்படியே தெரியும். ஈரல் புற்றுநோயோ பெரும்பாலும் எலும்பை அரித்துக்கொண்டு போவது. அதனால் சிலவேளை இதில் அகப்படாது. நோ நிற்காதபடியால் வைத்தியர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

அது பெரிய காந்தம். உடம்பில் இரும்பு உண்டா என்று கேட்டார்கள். மொழிபெயர்க்க வந்தது அண்ணரின் 12 வயது மகள். தகப்பனைக் கேளாமலே "இல்லை" என்றாள். தொடையில் ஷெல் துண்டு இருப்பது அவளுக்குத் தெரியாது. பிள்ளைக்கு அவர் சொன்னதேயில்லை. உடுப்பு மாற்றும் அறையில் தழும்பைக் கண்ட எங்களுக்குத் தெரியும், சொன்னோம். எக்ஸ்ரே எடுத்து, துண்டு ஆபத்தில்லாத இடத்தில் இருக்கிறதென்று பார்த்த பின்னரே உள்ளே விட்டார்கள். முள்ளந்தண்டில் நோய் தெரிந்தது. நோவைக் குறைக்கக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள்.

இப்படியான நோயாளிக்குக் கால் திடீரென விறைத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ அடுத்த தவணைவரை காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தவணை எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்.