ஏலமலைச் சரிவில் உட்பொதி கணினி: கோப்பு முறைமையும் தொடக்க ஏற்றியும் தெரிவுசெய்தல்

ஆய்வுச் சுருக்கம்

போடிநாயக்கனூருக்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளில் இலை ஈரம், மண் ஈரம், வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவுசெய்யும் சிறு கணினிக்கு ஏற்ற கோப்பு முறைமையும் தொடக்க ஏற்றியும் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வேகத்தையும் கொள்ளளவையும்விட, அவ்விடத்தில் மின்சாரம் அறுபடும் விதமே இத்தெரிவுக்கு அடிப்படையாக வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: உட்பொதி கணினி, கோப்பு முறைமை, தொடக்க ஏற்றி, யு-பூட், ஏலக்காய், மின்தடை

முன்னுரை

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால் தேனி மாவட்டம் முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி எனப் பரந்துள்ள ஏலத்தோட்டங்களைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அழுகல் நோய் தாக்குகிறது. ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரியால் வரும் இந்நோய்க்கு நீடித்த ஈரமே துணை. இலையும் காயும் எத்தனை மணிநேரம் தொடர்ந்து நனைந்திருந்தன என்ற பதிவு கையில் இருந்தால், போர்டோ கலவை தெளிக்கும் நாளை ஊகத்துக்கு விடாமல் முடிவுசெய்யலாம்.

ஏலம் நிழற்பயிர். கருவிக்கு மின்சாரம் தரும் சூரியத்தகட்டின்மேல் மரக்கிளைகள் கவிந்திருக்கும். ஆடி மாத மேகமும் சேர்ந்தால் மின்கலம் வற்றிவிடும். ஆகவே பதிவு மிகவும் தேவைப்படும் நாட்களே அது அறுந்துபோகும் நாட்களாகவும் அமைகின்றன.

கோப்பு முறைமை

முதலில் பார்க்க வேண்டியது நினைவகத்தின் வகை. நோக்கியா நிறுவனமும் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகமும் உருவாக்கி, 2008இல் லினக்சில் சேர்ந்த யூபிஐஎஃப்எஸ் மின்தடையை நன்கு தாங்கும். ஆனால் அது கட்டுப்படுத்தி இல்லாத வெறும் நேண்ட் சில்லுக்கு உரியது. எஸ்.டி. அட்டையிலும் இ.எம்.எம்.சி.யிலும் உள்ளேயே ஒரு கட்டுப்படுத்தி இருப்பதால் அங்கே அதற்கு இடமில்லை. லினக்ஸ் ஓடாத நுண்கட்டுப்படுத்தி மட்டும் போதுமென்றால் ஆர்ம் நிறுவனம் 2017இல் வெளியிட்ட லிட்டில்எஃப்எஸ் தகுந்தது. பீகிள்போன் பிளாக் போன்ற, லினக்ஸ் ஓடும் பலகைக்கு மிஞ்சுவன ஃபாட், எக்ஸ்ட்-4, எஃப்2எஃப்எஸ் ஆகியவை.

ஃபாட் முறைமையைத் தோட்ட அலுவலகத்தின் எந்தக் கணினியும் படிக்கும். அந்த வசதி பெரிதுதான். எனினும் அதில் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு முறை இல்லை. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அட்டவணை குலையும். 2008 முதல் நிலைபெற்ற எக்ஸ்ட்-4 நாட்குறிப்புடன் இயங்குகிறது. ஆனால் இயல்பு அமைப்பில் அந்நாட்குறிப்பு காப்பது கோப்பின் கட்டமைப்பு விவரங்களைத்தான். நிரல் எழுதிய தரவு சில பத்து நொடிகள் வரை நினைவகத்திலேயே காத்திருக்கலாம். ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் எஃப்சிங்க் அழைப்பு விடுப்பது இதற்குத் தீர்வு.

அடிக்கடி எழுதினால் அட்டை தேய்ந்துவிடும் என்ற அச்சம் இங்கு மிகையானது. பத்து நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் நாளொன்றுக்கு 144 வரிகள். வரிக்கு 40 பைட் எனக் கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 மெகாபைட். கோப்பு முறைமை ஒவ்வொரு வரிக்கும் பல 4 கிலோபைட் தொகுதிகளை எழுதினாலும் சுமை சிறியதே. அட்டையைத் தேய்ப்பவை பெரும்பாலும் இயங்குதளத்தின் சொந்தப் பதிவேடுகளும் கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்கும் வழக்கமுமே. அவற்றை நிறுத்திவிடலாம், அல்லது தற்காலிக நினைவகத்துக்கு மாற்றிவிடலாம்.

எந்தக் கோப்பு முறைமையாலும் காக்க இயலாத ஓரிடம் உண்டு. எஸ்.டி. அட்டையின் கட்டுப்படுத்தி தன் உள்வரைபடத்தை மாற்றும் கணத்தில் மின்சாரம் அறுந்தால், அப்போது எழுதப்படாத பகுதிகளும் சிதையலாம். ஒரே அட்டையை இரண்டு பாகங்களாகப் பிரித்து, ஒன்றைப் படிக்க மட்டும் என ஒதுக்குவது ஆகவே முழுக் காப்பாகாது. இயங்குதளத்தைப் பலகையிலுள்ள இ.எம்.எம்.சி.யில் ஸ்குவாஷ்எஃப்எஸ் வடிவில், படிக்க மட்டும் எனப் பூட்டி வைத்து, தரவைத் தனி எஸ்.டி. அட்டையில் எக்ஸ்ட்-4இல் எழுதுவதே என் பரிந்துரை. அட்டை சிதைந்தாலும் கணினி எழும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்த்தால் பாதியில் நின்ற வரியை அடையாளம் கண்டு நீக்கலாம்.

தொடக்க ஏற்றி

2002இல் இப்பெயர் பெற்ற யு-பூட், உட்பொதி கணினிகளில் பரவலாகப் பயன்படும் தொடக்க ஏற்றி. இயங்குதளத்தின் இரு படிகளை வைத்து, புதியது எழாவிட்டால் பழையதற்குத் திரும்ப அது வழிசெய்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் பூட்கவுண்ட் என்னும் எண்ணி ஒன்று கூடும். இயங்குதளம் நலமாக எழுந்தால் அதைச் சுழியாக்கும். எண்ணி வரம்பைத் தாண்டினால் மாற்றுக் கட்டளை இயங்கும்.

இந்த எண்ணியை எங்கே வைப்பது என்பதில்தான் மலைச்சரிவு குறுக்கிடுகிறது. மேகமூட்டமான காலையில் மின்கலம் சற்றே ஏறியதும் பலகை விழிக்கும். இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிந்து மீண்டும் அணையும். இது பலமுறை நிகழலாம். எண்ணி நிலையான நினைவகத்தில் இருந்தால் ஒவ்வோர் அணைவும் மென்பொருள் பிழையாகக் கணக்கிடப்பட்டு, பழுதற்ற புதிய படி கைவிடப்படும். மின்சாரம் போனதும் அழியும் பதிவகத்தில் எண்ணியை வைத்தால் இவ்வணைவுகள் கணக்கில் சேரா. காவல் கடிகாரம் மீட்டெழுப்பும் உண்மையான உறைவுகள் மட்டும் சேரும். நிலையான நினைவகமே வேண்டுமெனில், மேம்பாடு நடந்ததைக் குறிக்கும் மாறி இயங்கும்போது மட்டும் எண்ணும் வசதியும் யு-பூட்டில் உண்டு. மின்னேற்றக் கட்டுப்படுத்தியில் துண்டிக்கும் அளவுக்கும் மீண்டும் இணைக்கும் அளவுக்கும் போதிய இடைவெளி வைப்பதும் உடன் செய்ய வேண்டியது.

பீகிள்போன் பிளாக்கில் இன்னும் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. அதன் தொடர் இணைப்பு முனையில் புகும் மின்னிரைச்சலை விசை அழுத்தமாகக் கருதி யு-பூட் தொடக்கத்தை நிறுத்திவிடக்கூடும். பூட்டிலே மதிப்பை -2 என அமைத்தால் அது எந்த விசைக்கும் காத்திராது. அடுத்து, அப்பலகையின் கடிகாரத்துக்குத் துணை மின்கலம் இல்லை. டிஎஸ்3231 போன்ற தனிக் கடிகாரச் சில்லை இணைக்காவிட்டால், மின்தடைக்குப் பின் எழுதப்படும் வரிகள் பிழையான தேதியுடன் பத்திரமாகச் சேமிக்கப்படும்.