சட்டைக் காலர் தைத்த கைகள்

"நாமும் ஒரு சின்னத் தொழில் ஆரம்பித்தால் என்ன?" என்று நினைக்காத இல்லத்தரசி உண்டா? ஊறுகாயா, தையலா, அப்பளமா என்று யோசிக்கிறோம். ஆனால் செய்ததை யாரிடம் விற்பது என்று யோசிக்கிறோமா? அந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது மொரீஷியஸ் என்ற குட்டித் தீவில்!

என் தங்கையின் கணவருக்கு அங்கே உத்தியோகம். ஒரு மாதம் அவர்களோடு தங்கியிருந்தேன். கடையில் மீதி கொடுத்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருப்பதைப் பார்த்து எனக்குக் கொள்ளை சந்தோஷம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கைவினைஞர்களாகவும், 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டக் கூலிகளாகவும் போன நம்மவர்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல் மொழிதான்.

தீவின் பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை 12 லட்சத்துக்குச் சற்று மேல். அரிசி, கோதுமை, பெட்ரோல் எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். அதற்குக் காசு? ஒரு காலத்தில் சர்க்கரை ஒன்றே கதி. "பெருகும் ஜனங்களுக்கெல்லாம் கரும்பால் வேலை கொடுக்க முடியாது" என்ற கவலையை 1961-லேயே தம் அறிக்கையில் எழுப்பினார் ஜேம்ஸ் மீட் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

1968-ல் சுதந்திரம் வந்தது. 1970-ல் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சலுகை தரும் சட்டம் வந்தது. ஸ்வெட்டரும் சட்டையும் தைக்கும் ஆலைகள் கிளம்பின. 1990-ஐ ஒட்டி அவற்றில் வேலை செய்தவர்கள் சுமார் 90 ஆயிரம் பேர். பெரும்பாலோர் பெண்கள்! அடுப்படியை விட்டு வெளியே வந்து, முதல் தடவையாகச் சம்பளக் கவரைக் கையில் வாங்கியவர்கள்.

அந்த நிம்மதி நீடித்ததா? எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரியோடு முடிந்தது. பெரிய நாடுகளின் மலிவுத் துணியோடு இந்தத் தீவு போட்டி போட முடியுமா? ஆலைகள் பல மூடிக்கொண்டன. அடுத்த ஆண்டிலிருந்து ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்த விலையையும் படிப்படியாக 36 சதவிகிதம் குறைத்தது.

மாஹேபூர்க் ஊரின் திங்கள்கிழமைச் சந்தையில், அப்படி வேலை போன ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். காய்கறி அச்சார் விற்றுக்கொண்டிருந்தார். என் தங்கைதான் மொழிபெயர்த்தாள்.

"பதினேழு வயசிலே ஆலைக்குப் போனேன். சட்டைக்குக் காலர் தைக்கிறது மட்டும்தான் என் வேலை. வருஷக்கணக்கா தைச்சும் ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாது! ஒரு நாள் கேட்டைப் பூட்டிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்க படிச்சிட்டு இருந்தாங்க. ரெண்டு ராத்திரி தூங்கலை. மூணாம் நாள், எங்கம்மா கிட்டே கத்துக்கிட்ட அச்சாரைப் போட்டு எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன்..."

முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் மூன்றையும் மெல்லியதாக நறுக்கி, கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, ஈரம் போக வெயிலில் உலர்த்துகிறார். கடுகு, பூண்டு, மஞ்சள், பச்சைமிளகாய், வினிகர், எண்ணெய் சேர்க்கிறார். அவ்வளவுதான். காய் எல்லாம் உள்ளூரில் விளைந்தது!

சுற்றுலாப் பயணிகளுக்கான ஓட்டல் ஒன்று, "பாட்டில் முழுவதையும் எங்களுக்கே கொடுங்கள்" என்றதாம். இவர் பாதிதான் கொடுத்தார். மீதி தெருவுக்கும் சந்தைக்கும். இவருடைய சிநேகிதியோ, எம்ப்ராய்டரி மேஜை விரிப்புகளை ஓட்டலுக்கு மட்டுமே கொடுத்தவர்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தீவின் எல்லையை மூடினார்கள். முழுமையாகத் திறந்தது 2021 அக்டோபரில்தான். சிநேகிதியின் வருமானம் அடியோடு நின்றது. இவருக்குப் பாதி போயிற்று. ஆனால் அடுப்பு அணையவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அக்கம்பக்கத்தார் வாங்கினார்கள். இப்போது அந்தச் சிநேகிதியும் பள்ளிச் சீருடை தைக்கிறாராம்!

ஒரே கொழுகொம்பை நம்பிய கொடி, கொம்பு சாய்ந்தால் தானும் சாயும். சர்க்கரையை நம்பிய தீவுக்கும் அதே கதி, ஓட்டலை நம்பிய பெண்ணுக்கும் அதே கதி.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. பெண் தொழில்முனைவோருக்காக 1999-ல் சட்டம் இயற்றித் தேசிய அளவில் ஒரு கவுன்சிலே அமைத்தது. ஆனாலும் கடனும் பயிற்சியும் வாங்கிவிட்டால் போதுமா? நம் கணக்கு நம் கையில்தானே!

தொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்கு அந்த அம்மாள் சொன்னவை:

* முதல் வாடிக்கை உங்கள் தெருவாக இருக்கட்டும். வெளியூர் ஆர்டர் அப்புறம்.

* ஒரே ஆளுக்குப் பாதிக்கு மேல் விற்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

* விலை போடும்போது காஸ், பாட்டில், பஸ் சார்ஜ் எல்லாவற்றோடும் உங்கள் உழைப்புக்கும் கூலி சேருங்கள். "வீட்டிலேதானே செய்யறோம்" என்று விட்டுவிடாதீர்கள்.

* தொழில் பணத்துக்குத் தனி டப்பா வேண்டும். அடுத்த தடவை காய் வாங்கும் காசை எடுத்து வைத்த பிறகே வீட்டுச் செலவு.

விடைபெறும்போது கேட்டேன், "மறுபடி ஆலை திறந்தால் போவீர்களா?"

"போவேன். சம்பளம் நல்லதுதானே? ஆனா அச்சாரை விடமாட்டேன்!" என்று சிரித்தார்.