வதந்தியும் அச்சமும்: பேராசிரியர் துர்க்கானந்த சின்ஹாவின் ஆய்வுநெறி

மக்கள் கூடி வாழுமிடத்து அவர்தம் எண்ணமும் ஒழுக்கமும் எவ்வாறு அமைகின்றன என ஆராய்வது சமூக உளவியல். இத்துறையை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்த அறிஞருள் ஒருவர் பேராசிரியர் துர்க்கானந்த சின்ஹா (1922–1998). கேம்பிரிட்ஜிற் பயின்ற இவர், 1961ஆம் ஆண்டில் அலகாபாத் பல்கலைக்கழகத்து உளவியற்றுறையை நிறுவி, ஓய்வு பெறுங்காறும் அதனை வளர்த்தார்.

இவரது இளமைக்கால ஆய்வொன்று தனிச் சிறப்புடையது. 1934இல் பீகாரிலே பெரும் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் காணாத ஊர்களில், இதனினுங் கொடிய கேடு வரவிருக்கின்றதென வதந்திகள் எழுந்தமையை யமுனா பிரசாத் என்பார் 1935இல் எடுத்துக் காட்டினார். சின்ஹாவோ, டார்ஜிலிங் மண்சரிவின் அழிவை நேரிற் கண்ட மக்களிடை வழங்கிய பேச்சுக்களைத் திரட்டி 1952இல் வெளியிட்டார். ஆங்கு அத்தகைய வதந்திகள் காணப்படவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் ஒப்புநோக்கிய அமெரிக்க அறிஞர் லியோன் பெஸ்ரிங்கர் 1957இல் ஒரு விளக்கந் தந்தார். அழிவைக் கண்டவனுக்கு அவன் அச்சத்தின் காரணம் கண்முன்னே கிடக்கின்றது. காணாதவனுக்கோ அச்சம் உண்டு; காரணம் இல்லை. அக்குறையை வதந்தி நிரப்புகின்றது.

ஆய்வுகூடத்தினும் மக்கள் வாழும் இடமே உளவியலுக்கு உரிய களமெனக் கொண்ட சின்ஹா, மாறிவரும் இந்தியக் கிராமங்களைப் பற்றி 1969இல் ஒரு நூலியற்றினார். மேனாட்டுக் கோட்பாடுகளை அவ்வாறே பெயர்த்து நடுவது போதாதென்பதை 1986இல் வெளிவந்த நூலிலும் வற்புறுத்தினார்.

இவ்வாய்வின் பயனைக் கொழும்பு வாழ் தமிழர் எளிதில் உணர்வர். 1983 யூலை 24ஆந் திகதி இரவு மூண்ட வன்செயலால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் வாழ்ந்தோர் பலர் வீடும் பொருளும் இழந்து அகதிகளாயினர். 29ஆந் திகதி வெள்ளிக்கிழமையன்று, புலிகள் நகருட் புகுந்துவிட்டனரென்ற வதந்தி காட்டுத்தீயெனப் பரவியது. புலிகள் எவரும் வந்திலர். ஆயினும் மீண்டும் தமிழர் கொலையுண்டனர். தீங்கிழைத்த தரப்பினரிடைப் பழிக்குப்பழி நேருமென்ற அச்சம் உள்ளுறைந்து கிடந்ததாதல் வேண்டும். அதற்கு உருவங் கொடுத்தது அவ்வதந்தி. பீகாரில் வதந்தி அச்சத்திற்குக் காரணங் கற்பித்தது. கொழும்பிலோ கொலைக்கும் காரணமாயிற்று.

ஆதலின், வதந்தியைப் பொய்யென மறுத்துரைத்தல் மட்டும் அமையாது. அதனை ஏற்கும் மனத்திலுள்ள அச்சத்தை முற்பட அறிந்து தணித்தல் வேண்டும். ஆள்வோர்க்கும் ஆசிரியர்க்கும் இவ்வாய்வு கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.