பெரிய தொட்டியும் பித்தளையும்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் லேத்துகளிலும் சி.என்.சி. இயந்திரங்களிலும் கடைந்தெடுக்கப்படும் பித்தளை உதிரிகள் எண்ணெய்ப் பிசுக்கோடும் பொடிச் சீவல்களோடும்தான் வெளிவருகின்றன. தூரிகை எட்டாத மரைகளிலும் குருட்டுத் துளைகளிலும் தங்கும் அந்த அழுக்கை நீக்குவதற்கு மீயொலித் தொட்டியை விடச் சிறந்த கருவி சிறு பட்டறைகளுக்கு அரிது. வேலை பெருகும்போது 3 லிட்டர் தொட்டியைக் கைவிட்டு 30 லிட்டர் தொட்டிக்கு மாறுவது இயல்பு. ஆனால் அந்த மாற்றத்தைக் கொள்ளளவு மாற்றமாக மட்டும் கருதுவது பிழை.

மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் மேல் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் ஆகும். அதற்கு மேற்பட்டது மீயொலி. இத்தகைய தொட்டிகள் பெரும்பாலும் 40,000 அதிர்வுகளில் இயங்குகின்றன. சில படிகங்கள் அழுத்தத்தால் மின்னேற்றம் பெறுவதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். அதன் மறுதலையாக, மின்னழுத்தத்தால் அதிரும் பீங்கான் வில்லைகள் தொட்டியின் அடியில் ஒட்டப்பட்டு நீரை அதிரச் செய்கின்றன. அழுத்தம் குறையும் கணத்தில் நீருக்குள் நுண்குமிழ்கள் தோன்றி, அழுத்தம் கூடும் கணத்தில் நொறுங்கும்போது, அருகிலுள்ள பரப்பின் மீது பாயும் நீர்த்தாரையே அழுக்கைப் பெயர்க்கிறது. மீயொலி பரவும் திரவத்தில் நெருக்கமும் தளர்வுமான அடுக்குகள் அமைந்து ஒளியைச் சிதறடிப்பதற்கு, திருச்சியில் பிறந்த சி.வி. இராமனும் நாகேந்திரநாத்தும் இதே பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபடி 1935–36இல் விளக்கம் தந்தனர் என்பது இந்நகரத்திற்குரிய பெருமை.

இனி அளவின் கணக்கு. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 3 லிட்டர் தொட்டிக்கு 120 வாட் ஒலித்திறன் இருந்தால், 30 லிட்டர் தொட்டிக்குப் பெரும்பாலும் 600 வாட்தான் இருக்கும். அதாவது லிட்டருக்கு 40 வாட்டாக இருந்தது 20 வாட்டாகக் குறைகிறது. பெரிய தொட்டிகளில் இவ்விகிதம் தாழ்ந்திருப்பது வழக்கமே எனினும், இடம் இருக்கிறதே என்று உதிரிகளைக் குவித்தால் கீழடுக்கு ஒலியை மறைத்து மேலடுக்கையோ நடுப்பகுதியையோ அழுக்காகவே விட்டுவிடும். மேலும், 40,000 அதிர்வில் நீரில் அலைநீளம் சுமார் 3.7 சென்டிமீட்டர் ஆதலால், அரை அலைநீளத்திற்கு ஒருமுறை வலுவான இடமும் இடையே வலுவற்ற இடமும் அமையும். அதிர்வெண்ணைச் சற்றே ஏற்றியிறக்கும் வசதி உள்ள கருவி இக்குறையைத் தணிக்கும். மெல்லிய அலுமினியத் தாளைச் சிறிது நேரம் தொட்டிக்குள் பிடித்துப் பார்த்தால், குழிகளும் துளைகளும் விழுந்த விதத்திலிருந்தே ஒலி எங்கெங்கு எட்டுகிறது என்பதை அறியலாம். வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் இச்சோதனையைக் கேட்பதே நல்லது. புதிதாக ஊற்றிய நீரில் கரைந்துள்ள காற்று குமிழ்களின் நொறுங்கலை மென்மையாக்கிவிடும் என்பதால், உதிரிகளை இடுமுன் சில நிமிடம் வெறும் நீரையே இயக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டி பெரிதானால் இந்த நேரமும் கூடும்.

பித்தளைக்கெனத் தனிக் கவனமும் தேவை. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட கலவை தோட்டா உறைகளுக்குப் பயன்பட்டதால் தோட்டாப் பித்தளை என்றே பெயர் பெற்றது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் உறைகள் விரிசல் விட்டன. குளிர்நிலையில் இழுத்து உருவாக்கிய உலோகத்தில் எஞ்சிய இழுவிசையும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்தே அதை விளைவித்தன என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். ஆதலால் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களை இவ்வகைப் பித்தளைக்குப் பயன்படுத்துவது, பார்வைக்குப் பளபளப்பைத் தந்தாலும், உள்ளே கேட்டை விதைப்பதாகும். வீட்டுப் பாத்திரத்தைப் புளி துலக்குவது போலச் சிட்ரிக் அமிலம் கறுத்த ஆக்சைடை மட்டும் கரைக்கிறது. ஆயினும் அந்த அமிலக் கரைசலில் நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் வெளியேறி, பரப்பு செம்பு நிறமாக மாறிவிடும். வெப்பத்தை 50, 60 பாகை செல்சியஸ் அளவில் நிறுத்தி, சில நிமிடங்களில் எடுத்துவிடுவதே தகும்.

இறுதி அலசலுக்கு உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஒவ்வாது. உலர்ந்தபின் வெண்கறை படியும், எனவே உப்பு நீக்கிய நீரே உகந்தது. இதனினும் கவனத்திற்குரியது கழிவு. 3 லிட்டரை மாற்றுவது ஒன்று, செம்பும் துத்தநாகமும் எண்ணெயும் கலந்த 30 லிட்டரை மாற்றுவது வேறு. முலாம் பூசும் தொழிலின் குரோமியத்தால் நிலத்தடி நீர் ஏற்கெனவே கெட்டுள்ள பீன்யாவில், அதைச் சாக்கடையில் ஊற்றுவதற்கு எந்தப் பட்டறைக்கும் உரிமை இல்லை. கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு மேலாண்மையாளரிடம் ஒப்படைக்கும் செலவையும் பெரிய தொட்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.