கரண்டிக்குள் ஓர் உறைகிணறு

ஐஸ்கிரீமோடு தரும் மரக்கரண்டியை வாயில் வைத்ததும் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிறதே, அதில் ஏதாவது ரசாயனம் தடவியிருக்கிறார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கரண்டிகளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை வந்துவிட்டதால், இந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். நாக்கு வறளுவதற்கு ரசாயனம் எதுவும் தேவையில்லை, மரமே போதும்.

இந்தக் கரண்டிகளுக்குப் பரவலாகப் பயன்படுவது குளிர்நாடுகளில் வளரும் பிர்ச் மரம். அடிமரத்தை ஊறவைத்து, லேத்தில் சுழற்றி, மெல்லிய வெனீராக உரித்து, அச்சில் வெட்டி, சூட்டில் அழுத்திக் குழிவு உண்டாக்குகிறார்கள். மரத்தில் செங்குத்தாக நின்று நீரை மேலே அனுப்பிய சைலக் குழாய்கள் இப்போது கரண்டியில் நீளவாக்கில் படுத்திருக்கின்றன. கரண்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: முடியளவு மெல்லிய கீறல்கள் தெரியும். அவை பாதியாகப் பிளந்த குழாய்கள். இடையில் பழுப்புத் தீற்றல் இருந்தால் அழுக்கு என்று நினைக்க வேண்டாம். மரம் உயிரோடிருந்தபோது பட்டைக்கு அடியில் ஒரு சிறு ஈயின் புழு குடைந்து போன பாதை அது. மரம் புதுச் செல்களால் அதை அடைத்திருக்கிறது.

ஒரு குழாயின் விட்டம் 50 முதல் 100 மைக்ரான். அந்தக் குறுகலில் நீர் தானாகவே ஏறும். உலர்ந்த மரத்தை ஈர நாக்கில் வைத்தால், எச்சிலின் மெல்லிய படலத்தைக் குழாய்களும் செல்சுவர்களும் உறிஞ்சிக்கொள்கின்றன. வழுக்கல் போய், நாக்கு நேரடியாக நாரில் உரசுகிறது. ஒரு கரண்டியின் நுனியைக் கறுப்புக் காபியில் நிறுத்தி வையுங்கள். நிறம் கோடுகோடாக மேலேறும்.

எனக்குப் பெரிதும் பிடித்த இடம் இந்தக் குழாய்களின் மூட்டுதான். சைலக் குழாய் ஒரே நீளக் குழாயாக இருப்பதில்லை. உறைகிணற்றில் உறைமேல் உறை இறக்குவதுபோல, செத்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கிணற்றின் அகலம் ஒரு மீட்டர் என்று வைத்தால், ஓர் உறையின் உயரம் ஏறக்குறைய பத்து மீட்டர். 14 சென்டிமீட்டர் கரண்டி அதே அளவில் இரண்டு கிலோமீட்டர் ஆழக் கிணறு! பிர்ச்சில் உறைக்கு உறை மூட்டில் ஓர் ஏணி சாய்வாகக் கிடக்கிறது. அதில் பெரும்பாலும் 10 முதல் 20 படிகள். நீரை மேலே அனுப்ப வேண்டிய கிணற்றில் குறுக்கே ஏணி எதற்கு? உறைபனிக் காலத்தில் குழாய்க்குள் நீர் உறையும்போது கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரிகிறது. பனி உருகியதும் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் ஏணிப்படிகள் அங்கங்கே தடுத்து வைக்கின்றன என்பது மரவியலாளர்கள் தரும் ஒரு விளக்கம். குளிர்நாட்டு மரங்களிலும் மலை மரங்களிலும் இந்த ஏணி அதிகம் காணப்படுவது அதற்கு வலுச் சேர்க்கிறது.



மரக்கரண்டி ‘மண்ணோடு மண்ணாகிவிடும்’ என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க முடியாது. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும்; ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள மரத்தில் அது வளராது. உலர்ந்த குப்பைமேட்டில் கிடக்கும் கரண்டி அவசரப்படாது. சூடான சூப்பில் நிலைமை வேறு: அழுத்தி உண்டாக்கிய குழிவு ஈரமும் வெப்பமும் பட்டதும் பழைய தட்டை வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், மேற்பரப்பில் நார்கள் சிலிர்த்து நிற்கும்.

பாக்கெட்டில் ‘பிர்ச்’ என்று போட்டிருப்பதையும் சோதிக்கலாம். பள்ளி நுண்ணோக்கி போதும். பிளேடால் நார்வாக்கில் ஒளி ஊடுருவும் அளவுக்கு ஒரு சீவல் எடுத்து, ஒரு சொட்டு நீரில் வைத்துக் குழாய்களின் மூட்டுகளைத் தேடுங்கள். ஏணி தெரிந்தால் பிர்ச்சாக இருக்கலாம், அதன் உறவான ஆல்டராகவும் இருக்கலாம். ஏணியே இல்லாமல் எல்லா மூட்டிலும் வாய் திறந்த ஒரே துளை இருந்தால் அது பாப்லர் போன்ற வேறு மரம்.