தலைப்பேனும் சீலைப்பேனும்

பேன் சிறகில்லாத சிறு பூச்சி. அதற்கு ஆறு கால்கள் உண்டு. மனிதக் குருதியே அதன் உணவு. அது பறக்காது; தாவாது; ஊர்ந்தே செல்லும். பேனின் முட்டைக்கு ‘ஈர்’ என்று பெயர். மனிதரை அண்டி வாழும் பேன்களுள் தலைப்பேனும் சீலைப்பேனும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆயினும், அவை வாழும் இடமும் விளைவிக்கும் தீங்கும் வேறு வேறு.

தலைப்பேன் எள்ளளவே இருக்கும். அது தலைமுடியில் வாழ்ந்து, தலைத்தோலுக்கு அருகில் முடியோடு ஒட்டி ஈர்களை இடும். ஒருவர் தலையோடு மற்றொருவர் தலை படும்போது முடிவழியே ஊர்ந்து பரவும். ஆகவே, நெருங்கி அமர்ந்து விளையாடும் சிறுவரிடம் இது மிகுதி. நாள்தோறும் நீராடுவோர் தலையிலும் இது குடியேறும். இதனால் அரிப்பு உண்டாகும், சொறிந்தால் புண்ணாகலாம். ஆனால், இது காய்ச்சல் எதையும் பரப்புவதாக அறியப்படவில்லை.

‘சீலை’ என்றால் துணி. சீலைப்பேன் ஆடையின் தையல் மடிப்புகளில் தங்கி, அங்கேயே ஈர்களை இடும். குருதி குடிப்பதற்கு மட்டுமே உடலுக்கு வரும். போர்க்களம், சிறை, அகதிகள் முகாம் போன்ற, ஆடையை மாற்றவும் துவைக்கவும் வழியற்ற இடங்களில் இது பெருகும். டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலைப் பரப்புவது இதுவே. முதல் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னரும் கிழக்கு ஐரோப்பாவில் அந்நோயால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

இவ்வுண்மையைக் கண்டறிந்தவர் துனிஸ் நகரில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல். டைபஸ் நோயாளிகள் மருத்துவமனைக்கு வெளியே பிறருக்கு நோயைப் பரப்பினர். ஆனால், குளிப்பாட்டி மாற்றுடை அணிவித்தபின், அவர்களிடமிருந்து நோய் பரவவில்லை. அவ்வாறாயின், நோய் அவர்களுடைய பழைய ஆடையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இவ்வாறு சிந்தித்த அவர், சீலைப்பேனே காரணம் என்பதை 1909ஆம் ஆண்டு சோதனைகளால் நிறுவினார். 1928ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

இடம் வேறானால் தீர்வும் வேறாகும். சீலைப்பேனுக்கு ஆடையை வெந்நீரில் துவைத்து மாற்ற வேண்டும். தலைப்பேனுக்கு ஈரமான முடியைப் பேன் சீப்பால் வார வேண்டும். ஈர் பொரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், ஒருநாள் வாரினால் போதாது. சில வாரங்கள் தொடர வேண்டும். வீட்டிலுள்ள அனைவர் தலையையும் பார்க்க வேண்டும்.

சிறியதைப் பெரிதாக்கிப் பேசுவதை ‘ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல்’ என்பர். வகுப்புத் தோழிக்குப் பேன் வந்தால், அவளைத் தூய்மையற்றவள் என்று இகழ்வதும் அத்தகையதே. பேன் வந்தது அவள் குற்றமன்று. களைய வேண்டியது பேனை, தோழமையை அன்று.